நாற்காலி சரி, பயிற்சி எங்கே?

ஆசிரியருக்கு,

வெள்ளிக்கிழமை வரை இயற்பியல் நடத்திய முதுகலை ஆசிரியர், கலந்தாய்வில் பதவி உயர்வு பெற்று திங்கள்கிழமை வேறொரு ஊரில் தலைமையாசிரியராக உட்காருகிறார். எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, சம்பளப் பட்டியல், சைக்கிள் கணக்கையெல்லாம் அலுவலகத்தில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தன்னைவிட வயதில் மூத்த ஆசிரியர் தினமும் முதல் மணி அடித்த பிறகு வந்தால் எப்படிப் பேசுவது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல் வாய்திறந்து பேசவைப்பது எப்படி? இதெல்லாம் சுற்றறிக்கையில் வராது.

புதியவர்களை முதல் ஆண்டு மட்டுமாவது பக்கத்துப் பள்ளியின் அனுபவமுள்ள தலைமையாசிரியரோடு இணைத்துவிடலாம். மாதம் ஒருநாள் அங்கே போய், காலை வழிபாடு முதல் ஆசிரியர் கூட்டம் வரை கூடவே இருந்து பார்க்கட்டும். இரண்டு நாள் பவர்பாயின்ட் பயிற்சியைவிட (சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும்) இது உதவும். பெரிய செலவும் இல்லை, ஓர் உத்தரவு போதும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்