சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. பக்கத்துக் கிளினிக்கில் எடுத்த இசிஜியைப் படமெடுத்து அம்மா உனக்கு அனுப்பிய நாளிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். தொலைபேசியில் நீ அழத் தொடங்கினால் எனக்குப் பேச்சு வருவதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

அந்தத் தாளின் மேலே 'ஏட்ரியல் ஃப்ளட்டர்' (இதயத்தின் மேலறைகள் மிதமிஞ்சிய வேகத்தில் துடிக்கும் கோளாறு) என்று அச்சிட்டிருந்தது இயந்திரத்தின் கணிப்பு. மறுநாள் எனக்கு மாற்று இதயம் பொருத்திய டாக்டர் அதை மேசையில் விரித்து, மேலறை துடிக்கும்போது எழும் பெரிய பி அலைகளின் மேல் சிவப்புப் பேனாவாலும், நடுநடுவே தலைகாட்டிய சின்ன அலைகளின் மேல் நீலப் பேனாவாலும் புள்ளி வைத்துக்கொண்டே போனார். சிவப்பு நிமிடத்துக்கு 96. ஒவ்வொன்றையும் தொடர்ந்து ஒரு துடிப்பு இருந்தது. நீலமோ 70 அளவில், சிவப்போடு ஒட்டும் உறவுமின்றித் தன்போக்கில் ஓடியது. எனக்குப் பழைய முறையில் அறுவை செய்தபோது, என் சொந்த இதயத்தின் மேலறைப் பின்சுவரை விட்டுவைத்து, அதில்தான் புது இதயத்தைத் தைத்தார்கள். அந்தத் துண்டு இன்றும் துடிக்கிறது. ஆனால் அதன் மின்னோட்டம் தையலைத் தாண்டுவதில்லை. இந்த இரண்டு அலைகளையும் குழப்பிக்கொண்டுதான் இயந்திரம் ஃப்ளட்டர் என்று சொல்லிவிட்டது. நான் மூச்சை ஆழமாக இழுத்தால் நீலம் மட்டும் சற்று வேகமெடுக்கும் என்றார். என் பழைய நரம்புகள் இன்னும் அதனோடுதான் பேசுகின்றன போலும்.

புது இதயத்துக்கு வரும் நரம்புகள் அறுந்துவிட்டதால், சும்மா இருக்கும்போதே 90க்கு மேல் ஓடுவது அதற்கு இயல்பு. அதே காரணத்தால் இரத்தக் குழாய் அடைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்காமல் போகலாம். எனவே 'வலியில்லை' என்று நான் சொல்வதை டாக்டர் காதில் போட்டுக்கொள்வதேயில்லை. உண்மையிலேயே ஃப்ளட்டர் புதிதாக வந்திருந்தால், உடல் இதயத்தை நிராகரிக்கிறதா, குழாய்கள் சுருங்கியுள்ளனவா என்று தேடுவார்களாம். கழுத்துச் சிரை வழியே கம்பியை இறக்கித் துளி சதை எடுக்கும் பயாப்ஸியும் தேவைப்படலாம். இம்முறை இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும், உடம்பில் கட்டி 24 மணி நேரத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் பெட்டியும் போதுமென்றார். அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு குளிக்கக் கூடாதென்பதுதான் இந்த வெயிலில் எனக்குப் பெரும் கஷ்டம்.

ஒன்றை நீயும் தெரிந்துகொள். வேகத் துடிப்பை அடக்கப் போடும் அடினோசின் ஊசிக்கு மாற்று இதயம் அளவுக்கு மீறி அடங்கிவிடும். போட்டே ஆகவேண்டுமானால் மிகக் குறைந்த அளவில்தான் போட வேண்டும். துடிப்பு குறைந்தால் வழக்கமாகப் போடும் அட்ரோபின் பெரும்பாலும் பலன் தராது. இரண்டையும் ஓர் அட்டையில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்திருக்கிறேன். நகல் இத்துடன் உள்ளது.

ஹோல்டர் அறிக்கை வெள்ளிக்கிழமை வரும். டாக்டர் படித்துச் சொன்னதும் எழுதுகிறேன். அதுவரை அம்மா என்ன படம் அனுப்பினாலும் திறக்காதே.

அன்புடன்,
அப்பா