26-ஆம் தேதிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

இந்த வருடமும் டிசம்பர் 26 அன்று, சுனாமி அம்மாவைக் கொண்டுபோன அந்த நாளில், வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. மேலாளர் பட்டியலை ஒட்டிய அன்றே நானாகப் போய்ப் பெயரை எழுதினேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். இங்கே எல்லோரும் பார்க்கும்படி எழுதினால் சித்தி வீட்டுப் பிள்ளைகள் உனக்கு முழுதாகப் படித்துக் காட்டுவார்கள். கூடவே ஊரும் படிக்கும். அதனால் நிவாரணப் பணத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. வீட்டு மாடி யார் சம்பளத்தில் எழுந்தது என்பதையும்தான்.

"அம்மா நினைவு நாளில் எவனுக்கோ சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தாயா?" என்று போன வருடம் கேட்டாய். ஆமாம், ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். அது எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் நீ கேட்டதே இல்லை.

மெல்போர்னிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் யாரா பள்ளத்தாக்கு. 1838-இல் முதல் திராட்சைக் கொடி நட்ட பூமி. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் ஒயின் கூடம் அடைப்பு. மறுநாள் பாக்ஸிங் டே, அரசு விடுமுறை. முந்தின நாள் முழுக்க மாமனார், மச்சினர் முகத்தையே பார்த்துச் சலித்தவர்கள் அத்தனை பேரும் காரைக் கிளப்பிக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள். பாதிப் பேர் கண் போனில் இருக்கும். மெல்போர்ன் மைதானத்தில் டெஸ்ட் தொடங்கும் நாள் அது. விடுமுறை என்பதால் பில்லில் கூடுதல் கட்டணம் ஏறும், அதற்கான திட்டு எங்களுக்கு. எங்கள் சம்பளமும் அன்று கூடுதல்தான், மறைக்கவில்லை.

சுவைத்துப் பார்க்க வருபவருக்கு ஒரு வகைக்கு 30 மில்லி ஊற்றுவோம். ஒரு பாட்டில் 25 பேருக்கு வரும். போதை ஏறியவருக்கு ஊற்றுவது இங்கே சட்டப்படி குற்றம். அதற்கென்றே பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். கார் ஓட்டுபவர் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு வாளியில் துப்புவார். அந்த வாளியைக் கழுவுவதும் நான்தான். நீயும் குடிக்கிறாயா என்று சித்தப்பா கேட்பார். சுவை தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதற்கு மேல் இங்கே பதில் இல்லை.

திராட்சை வரிசைக்குள் குழந்தைகள் நுழைந்தால் தடுப்பதும் என் பொறுப்பு. வேரைத் தின்னும் பூச்சி ஒன்று 2006-இல் இந்தப் பள்ளத்தாக்கில் தென்பட்டது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போய்விடும். அதனால் கத்துவேன். அந்தத் தேதியில், ஒரு பிள்ளையைப் பார்த்து "ஓடாதே" என்று கத்துவது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. கூட்டம் நெரிக்கும் நேரம். நீங்கள் அக்கரைப்பேட்டைக் கரையில் பாலும் பூவுமாக நிற்கும் நேரம். போன வருடம் அப்போது என் முன்னால் வயதான ஒரு தம்பதியும் அவர்களுடைய மகளும் மருமகனும் நின்றார்கள். சார்டனே என்ற வெள்ளை ஒயினை ஊற்றினேன். ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு குறிப்பு அட்டை உண்டு. பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். முதலில் எலுமிச்சை, பிறகு பீச் பழம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் கடல் உப்பு. இந்த மலையடிவாரத்தில் கடல் எங்கே இருக்கிறது? அச்சடித்தவனுக்கு என்ன. எலுமிச்சை என்றேன். பீச் என்றேன். ஏப்ரன் பைக்குள் போன் துடித்தது. நீதான். கடல் உப்பு என்றேன், சிரித்துக்கொண்டே. அந்த அம்மாள் கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "ஆமாம், தெரிகிறது" என்றார். குளிர்ந்த பாட்டில் வியர்த்து லேபிளின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்தால் மறுபடி கிளம்பியது. மறுபடி அழுத்தினேன். மருமகன் காலி கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். போன் நின்றது, திரும்பவும் துடித்தது. நான் அடுத்த ஒயினான பினோ நுவாரை எடுத்தேன்.

போனை எடுக்காததற்கு மன்னித்துவிடு. ஆனால் எடுத்திருந்தால் வீடியோவில் கடலைக் காட்டியிருப்பாய். அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கடல் வேண்டாம். முன்பின் தெரியாத மனிதர்கள் நடுவே, கையில் வேலையோடு நிற்க வேண்டும். வேலை இல்லாத 26-ஆம் தேதி ஒன்றை இங்கே தனியாகக் கழித்தும் பார்த்திருக்கிறேன். அதை உன்னிடமே சொன்னதில்லை, இங்கேயும் வேண்டாம்.

முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் உன் பங்குச் சோற்றுப் பொட்டலத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டுப் பசிக்கவில்லை என்றவள் நீ. துண்டு இல்லாமல் உன் தாவணியால் என் தலையைத் துவட்டியவள். உனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா முகத்தை நினைத்தால் பல சமயம் உன் முகம்தான் எனக்கு வருகிறது.

அதே நீதான் முதல் வருட நினைவு நாளில் என்னைச் சொம்போடு முன்வரிசைக்குத் தள்ளினாய். நான் ஊற்றி முடித்துவிட்டேன். படம் சரியாக விழவில்லை, இன்னொரு முறை ஊற்றச் சொல்லுங்கள் என்றார் கேமராக்காரர். பக்கத்தில் நின்றவளின் சொம்பை வாங்கி என் கையில் திணித்து, காதோரமாக "அழு" என்றாய். பத்திரிகையில் வந்த அந்தப் படம் இன்னும் உன் பீரோவில் இருக்கிறது. நாலு பேர் பார்த்தால்தான் உதவி வரும் என்று நினைத்தாய். வந்தது, என் படிப்பே அதில் நடந்ததுதான். குறை சொல்லவில்லை. இல்லை, குறைதான் சொல்கிறேன். யாரும் அழச் சொல்லாத இடத்தில் அந்த நாளைக் கழிக்க எனக்கு உரிமை இல்லையா?

பால், பூச் செலவுக்கு எப்போதும்போல அனுப்பியிருக்கிறேன். பாப்பாவை முன்வரிசையில் நிறுத்தாதே. அவளுக்கு விருப்பமென்றால் கேமராக்காரர்கள் கிளம்பிய பிறகு ஊற்றட்டும். பாட்டியை அவள் பார்த்ததுகூட இல்லை. என்னோடு பேச வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டரைக்கு மேல் கூப்பிடு. இங்கே ஆறு மணி ஆகியிருக்கும், கிளாஸ்களைக் கழுவி முடித்திருப்பேன். மாமாவிடம் மட்டும் போனைக் கொடுத்துவிடாதே.

உன் தங்கை