பில்லை பாஸ் செய்யும் முன் பி.எஃப். பட்டியலைக் கேளுங்கள்: மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தூய்மைப் பணி ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தீர்மானம் போன கூட்டத்தில் எப்படி நிறைவேறியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருள் எண்ணை வாசித்தார்கள், மேசையைத் தட்டினீர்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள். அதே ஒப்பந்ததாரர் மீது தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்த மனு ஆணையர் அலுவலகத்தில் இருக்கிறது, உங்களில் பலரிடமும் அதன் நகல் இருக்கிறது. ஒரே ஒருவர் எழுந்து "இவர்கள் பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்களா?" என்று கேட்டிருந்தால்கூட இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒப்பந்ததாரரின் மாத பில்லுக்குப் பணம் விடுவிக்கும் முன், ஆள் வாரியான பி.எஃப். பட்டியலை வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பில்லை நிறுத்துங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்காவின் பாஸ்புக்கைப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கும் மேலாக அதே தெருக்கள்தான், இடையில் ஒப்பந்ததாரர்கள் மாறினார்கள், சட்டை நிறம் மாறியது, வேலை மாறவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் கணக்கில் பார்த்தால் நடுவில் மாதக்கணக்கில் எதுவும் ஏறவில்லை. ஒரு ஒப்பந்ததாரர், வேலை மாறினாலும் மாறக் கூடாத பி.எஃப். அடையாள எண்ணான பழைய யு.ஏ.என்.-ஐக் கேட்காமலே புதிதாக ஒன்று போட்டிருக்கிறார், அதில் பிறந்த வருஷமும் தப்பு. பி.எஃப். ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். உழைத்த கணக்குப்படி அவருக்கு அது உண்டு, ஏட்டுக் கணக்குப்படி இல்லை. 58 வயது நெருங்குகிறது. அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய், 2014-இல் வைத்த தொகை. அந்த ஆயிரம் ரூபாய்க்கும் தகுதியில்லை என்று ஒரு நாள் அவரிடம் சொல்லப்போகிறார்கள், இத்தனை வருஷம் விடியற்காலையில் வந்து நம் குப்பையை அள்ளியவரிடம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னியுங்கள், கோபம்தான் காரணம்.

ஓய்வூதியத்தோடு இது முடிவதில்லை. பணியில் இருக்கும்போதே ஒரு உறுப்பினர் இறந்துவிட்டால் பி.எஃப்.-உடன் சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பணமே கட்டாமல் விட்ட கணக்கை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் எந்த அலுவலகத்தில் போய் நிற்கும்?

அதிகாரிகளைக் கேட்டால் "செலான் இணைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுத்தான் பில் போட்டோம்" என்கிறார்கள். சரி, செலான் இருக்கிறது. அதில் இருப்பது மொத்தத் தொகை மட்டுமே. அந்த நிறுவனம் வேறு ஊரில் எடுத்திருக்கும் வேலைக்குக் கட்டிய பணமும் அதே செலானில் இருக்கலாம், நம் ஊர் ஆட்களில் பாதிப் பேர் விடுபட்டிருக்கலாம், காகிதத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இசிஆர் என்று ஒரு மாதப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், யு.ஏ.என்., சம்பளம், கட்டிய தொகை எல்லாம் அதில் வரிசையாக வரும். அது இல்லாமல் பி.எஃப். கட்ட முடியாது, ஆக ஒவ்வொரு ஒப்பந்ததாரரிடமும் அது கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவதில் என்ன சிரமம்? தகவல் உரிமைச் சட்டத்தில் நாங்கள் கேட்டதற்கு "மூன்றாம் தரப்புத் தகவல்" என்று பதில் வந்தது. எங்கள் வரிப்பணத்தில், எங்கள் தெருவில், எங்கள் மாநகராட்சிக்காக வேலை செய்பவர்களின் சம்பளக் கணக்கு மூன்றாம் தரப்பாம்.

தொகையும் சின்னது இல்லை. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் தொழிலாளி பங்கு 12 சதவீதம் 1,800, நிறுவனப் பங்கு இன்னொரு 1,800, ஆக ஆளுக்கு 3,600 ரூபாய். 500 பேருக்கு மாதம் 18 லட்சம், வருஷத்துக்கு 2 கோடியே 16 லட்சம். நிறுவனப் பங்கையும் சேர்த்துத்தான் ஒப்பந்ததாரர் விலை கொடுத்திருக்கிறார், அதாவது அந்தப் பணத்தை நாம் கொடுத்தாயிற்று.

இதில் உங்களை ஏன் இழுக்கிறேன்? வருகைப் பதிவேடு சுகாதாரப் பிரிவில் இருக்கிறது, பில் கணக்குப் பிரிவில், ஒப்பந்தப் பத்திரம் இன்னொரு பிரிவில். ஒவ்வொருவரும் தன் கோப்பு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க யாரும் இல்லை. காசு, ஆட்கள், ஒப்பந்தம் மூன்றும் சேர்ந்து வருகிற இடம் மாமன்றம் ஒன்றுதான். கணக்குக் குழுவும் நிதிக் குழுவும் வேறு எதற்கு இருக்கின்றன? "நிர்வாகம் ஆணையர் கையில், நாங்கள் என்ன செய்ய?" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2016-இல் முந்தைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் வருஷக்கணக்கில் தனி அலுவலரை வைத்து ஓட்டினார்கள், அப்போது கேள்வி கேட்க ஆளில்லை. 2022 பிப்ரவரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது அதற்காகத்தான்.

ஒப்பந்ததாரர் செய்த தப்புக்கு மாநகராட்சி என்ன செய்யும் என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு போகவில்லை. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டமும் அதையேதான் சொன்னது. முதன்மை வேலையளிப்பவர் என்றால் மாநகராட்சி, அதாவது நீங்களும் நானும். ஒப்பந்ததாரர் காப்புத் தொகையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அந்தக் கடன் நம் தலையில்தான் விழும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்தது வேறு வகைப் பாக்கி, ஆனால் நினைவில் வைக்க வேண்டியது. சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்கு, ஆண்கள் அதிகம் இருந்த பணிகளுக்குத் தந்த போனஸ் தரப்படவில்லை. 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். அப்புறமும் பிரச்சினை தீராமல் வளர்ந்து, பாக்கி 76 கோடி பவுண்டு வரை போகலாம் என்று 2023-இல் நகர மன்றமே மதிப்பிட்டது. அந்த செப்டம்பரில், அத்தியாவசியம் தவிர வேறு புதுச் செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் கூலியில் வைத்த பாக்கி ஊரின் கடனாகத் திரும்பி வந்தது.

இங்கே 2022-இல் சொத்து வரியை 25-இலிருந்து 100 சதவீதம் வரை ஏற்றினீர்கள், கட்டினோம். ஒரு நாள் தாமதமானாலும் எங்களுக்கு நோட்டீஸ் வரும். போட்ட சாலையை ஆறு மாதத்தில் குழாய்க்காகத் தோண்டுகிறார்கள், தோண்டியதை மூட இன்னொரு ஒப்பந்தம், எரியாத தெருவிளக்குக்கும் பராமரிப்பு பில், தணிக்கையில் எழுதிய ஆட்சேபங்கள் வருஷம் வருஷமாக அப்படியே கிடக்கின்றன. எங்களிடம் காட்டுகிற கண்டிப்பில் கால்வாசியை ஒப்பந்ததாரரிடம் காட்டக் கூடாதா? சரி, அதெல்லாம் தனித்தனியாகப் பேச வேண்டியவை, நான் கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததையும், நள்ளிரவில் அவர்களை அகற்றியதையும் எல்லோரும் பார்த்தோம். நம் ஊரில் அந்த நிலைக்கு விடாதீர்கள்.

கணக்குக் குழுவை இந்த மாதமே கூட்டி, இந்த ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து வந்த வருகைப் பதிவேடு, பில், இசிஆர் பட்டியல் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். விடுபட்ட மாதங்களுக்கான பணத்தை ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய தொகையில் பிடித்து அவரவர் கணக்கில் கட்ட வையுங்கள், தப்பான பிறந்த தேதிகளைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அது முடியும்வரை ஆள் வாரியான பட்டியல் இல்லாத எந்த பில்லும் பாஸ் ஆகக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். உங்களைப் பணிவோடுதான் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு எங்களையும் தொழிலாளர்களையும் அனுமதித்தால் சம்பளச் சீட்டுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி