திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிறோம், வரைபடம் எந்த வருடத்தது என்று கேட்பதில்லை

விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது, அப்புறம் பழுதான ஜிபிஎஸ் கருவியை மாற்றுவது, எல்லாம் நம் கிழக்குக் கரையில் இந்த நாட்களில்தான் நடக்கும். இந்த முறை சில சங்கங்கள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சார்ட் பிளாட்டர் (படகு இருக்கும் இடத்தைக் கடல் வரைபடத்தின் மேல் காட்டும் கருவி) வாங்க விலை கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல யோசனை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஒருவர் கற்றுக்கொண்டால் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் விலை கேட்டு எழுதிய தாள் ஒன்றைப் பார்த்தேன். திரை எத்தனை அங்குலம், எக்கோ (ஆழம் பார்க்கும் கருவி) சேர்ந்ததா, வாரன்டி எத்தனை வருடம் என்று எல்லாம் இருந்தது. உள்ளே வருவது யாருடைய வரைபடம், எந்த வருடத்தது என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டியவர். நான் பதினான்கு வருடமாகப் படகுகளில் எக்கோ, வயர்லெஸ், பிளாட்டர் பொருத்துகிறேன். போன வருடம் ஒரு புதுக் கருவியைப் பொருத்திவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானும் படகில் போனேன். முகத்துவாரத்தில் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தோம். திரையிலோ எங்கள் படகு தரைமேல் ஓடியது. அலைத்தடுப்புச் சுவரே அந்த வரைபடத்தில் இல்லை. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, ஜிபிஎஸ் துல்லியமாகத்தான் காட்டியது. கூடக் கொடுத்த வரைபடக் கார்டுதான் நகல் எடுத்த பழைய கார்டு. பில்லில் கார்டுக்கென்று ஒரு வரி கூட இல்லை. அதைப் புதுப்பிக்கவும் வழி இல்லை. அந்த உரிமையாளர் கடன் வாங்கிக் கருவி வாங்கியவர். அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஜிபிஎஸ் சொல்வது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும்தான். சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்வது வரைபடம். அந்த வரைபடம் எங்கிருந்து வருகிறது? நம் கடலை அளந்து வரைவது டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம், அது கடற்படையைச் சேர்ந்தது. காகித வரைபடமும் அதிகாரபூர்வ மின்னணு வரைபடமும் அவர்கள்தான் வெளியிடுகிறார்கள். நம் கருவிகளில் வரும் சி-மேப், நேவியானிக்ஸ் போன்றவை இப்படிப்பட்ட அரசு அளவீடுகளை அடிப்படையாக வைத்துத் தனியார் தயாரிப்பவை. அதில் தப்பில்லை. ஆனால் ஒரே கடலை ஒரு நிறுவனம் விவரமாகவும் இன்னொன்று கோட்டோவியம் போலவும் தரும். ஆகவே விலைப்பட்டியலை மட்டும் பார்க்காமல் கடைக்காரரிடம் கருவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். நாகை முகத்துவாரம், கோடியக்கரை, பாம்பன் வாய்க்கால் மூன்றையும் திரையில் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். நமக்குத் தெரிந்த இடத்தையே தப்பாகக் காட்டினால், தெரியாத இடத்தில் அதை எப்படி நம்புவது?

நம் டிரைவர்கள் பலருக்கும் யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. இந்த வரைபடங்களில் திரையைச் சுருக்கினால் விவரங்கள் மறைந்துபோகும். திரை நெரிசலாகாமல் இருக்க அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் போட்டியில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் திட்டில் முழு வேகத்தில் ஏறியது. தேர்ந்த மாலுமிகள், விலை உயர்ந்த கருவிகள். அந்தப் பகுதியைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். எல்லோரும் உயிர் தப்பியது பெரிய விஷயம். மன்னார் வளைகுடாவில் பவளப் பார்களுக்கு, அதாவது நீருக்கடியில் உள்ள பவளத் திட்டுகளுக்கு, நடுவே போகும் நம் ஆட்கள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். போகும் வழி முழுவதையும் கிளம்பும் முன்பே பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெரிதாக்கினால் மட்டும் உண்மை கூடிவிடாது. அதிகாரபூர்வ மின்னணு வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத் தரம் ஒன்று உண்டு. ஏ1 என்றால் ஐந்து மீட்டருக்குள் சரி, பி என்றால் ஐம்பது மீட்டர், சி என்றால் ஐந்நூறு மீட்டர் வரை தள்ளி இருக்கலாம். சி தரப் பகுதியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த ஐந்நூறு மீட்டர் சந்தேகம் போகாது. மணல் திட்டுகள் இடம் மாறும் பாக் நீரிணையில் இது சின்ன விஷயம் இல்லை. மன்னார் வளைகுடாவில் தீவுகளே நீருக்குள் போயிருக்கின்றன.

எல்லைக்கோடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டது. கச்சத்தீவுக்கு அருகே உள்ள நான்காவது புள்ளியின் கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 30.70 கலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விநாடி). அதையே விநாடியில் சொன்னால் 30 கலை 42 விநாடி. ஒரு படகு விநாடிக் கணக்கில் வைத்திருக்கும், இன்னொன்று புள்ளிக் கணக்கில் வைத்திருக்கும். வயர்லெஸ்ஸில் "முப்பது நாற்பத்திரண்டு" என்று சொன்னதை 30.42 என்று பதிந்தால் அரை கிலோமீட்டர் மேற்கே போய்விடும். தலைகீழாக மாறினால் அதே அரை கிலோமீட்டர் கிழக்கே. அந்தக் கடலில் அரை கிலோமீட்டர் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கருவி வாங்கினாலும் சங்கத்துப் படகுகள் எல்லாம் ஒரே கணக்கு முறையில், ஜிபிஎஸ் இடத்தைக் கணக்கிடும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஒரே அடிப்படையில் இருக்க வேண்டும். ஆழமும் அப்படித்தான். ஒருவர் மீட்டர், இன்னொருவர் பாகம் (சுமார் 1.8 மீட்டர்) என்று வைத்தால் சொல்வது ஒன்று, புரிவது ஒன்று.

கருவி எதுவானாலும் ஈரக் கையோடு தொட்டால் வேலை செய்யாத தொடுதிரை நமக்கு வேண்டாம், பொத்தான் இருக்கட்டும். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே எடுத்துவந்து பாருங்கள். உங்கள் படகின் 12 அல்லது 24 வோல்ட்டுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வேண்டியது. அப்பா காலத்தில் நாகூர் மினாராவையும் வேளாங்கண்ணிக் கோபுரத்தையும் கரை அடையாளமாக வைத்துத்தான் இடம் கண்டுபிடிப்பார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு மீன் கூடும் பார், வலை சிக்கும் கப்பல் துண்டு என்று ஒவ்வொன்றையும் கருவியில் பதிய ஆரம்பித்தார். இருபது வருட இடங்கள். ஒருநாள் உப்புத்தண்ணீர் இறங்கிக் கருவி செத்தது. எல்லாம் போயிற்று. சிலவற்றை நோட்டில் எழுதி வைத்திருந்தார், பாதிக்கு மேல் இல்லை. பதிந்த இடங்களைக் கார்டில் எடுத்து வேறு நிறுவனக் கருவியிலும் போட முடியுமா, பல கருவிகளும் படிக்கும் பொதுவான ஜி.பி.எக்ஸ். கோப்பாகத் தருமா என்று தயவுசெய்து கேளுங்கள். ஒரு டிரைவரின் ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவு ஒரு பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கக் கூடாது.

அரசு இலவசமாகத் தரும் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஆபத்தில் செய்தி அனுப்பவும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் அது அவசியம். ஒக்கி புயலுக்குப் பிறகு அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் பிளாட்டர் செய்யும் வேலையை அது செய்யாது.

அமெரிக்காவில் நோவா என்ற அரசு நிறுவனம் தன் கடல்களின் மின்னணு வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. நம் அதிகாரபூர்வ மின்னணு வரைபடம் கட்டண உரிமத்தில்தான் கிடைக்கிறது. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் மட்டுமாவது, பதிவு செய்த மீன்பிடிப் படகுகளுக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்று எல்லாச் சங்கங்களும் சேர்ந்து தீர்மானம் போட்டு மீன்வளத்துறைக்கும் டேராடூனுக்கும் அனுப்புங்கள். தனி ஆள் கேட்டால் பதில் வராது.

அதுவரை, முன்பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கருவியை வாங்கி ஒரு படகில் கட்டிப் பாருங்கள். பில்லில் வரைபடக் கார்டின் பெயர், பதிப்பு வருடம், எத்தனை வருடம் புதுப்பித்துத் தருவார்கள் என்பதைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். பரிசோதனைக்கு எந்தத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன், கூலி வேண்டாம். ஜூன் 14-க்குள் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
படகுக் கருவி பொருத்தும் ஒரு டிரைவரின் மகன்