பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: வரலாற்றுக் காலக்கோடு செயல்திட்டம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ‘தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் எதிர்ப்பு, 1799 முதல் 1942 வரை’ என்ற வரலாற்றுச் செயல்திட்டத்தை இம்முறை சார்ட் அட்டையில் செய்யவில்லை. மாணவர்கள் கணினியில் காலக்கோடாக அமைக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நைட் லேப் உருவாக்கிய டைம்லைன் ஜேஎஸ் என்ற மென்பொருளை இதற்குப் பயன்படுத்துகிறோம். கட்டணம் கிடையாது, கூகுள் கணக்கு ஒன்று போதும்.

அந்த மென்பொருளின் தளத்தில் உள்ள கூகுள் ஷீட் (இணையத்தில் நிரப்பும் அட்டவணை) மாதிரியை முதலில் நகலெடுக்க வேண்டும். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசை. முதல் வரிசையில் இருக்கும் ஆங்கிலத் தலைப்புகளைப் பிள்ளைகள் தமிழில் மாற்றிவிட வேண்டாம். அவற்றை வைத்துத்தான் மென்பொருள் எது ஆண்டு, எது விளக்கம் என்று அறிகிறது. இடையில் வெற்று வரிசையும் விடக் கூடாது.

அதிகம் தவறு நேர்வது தேதியில்தான். ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எண்ணாகவே நிரப்ப வேண்டும். ஆண்டை மட்டும் இட்டால் அந்த நிகழ்வு ஆண்டின் தொடக்கத்தில் போய் உட்காரும். வ.உ.சி. கைதான 12-3-1908ஐ முழுமையாக எழுதிவிட்டு, திருநெல்வேலி எழுச்சிக்கு வெறும் 1908 என்று இட்டால், எழுச்சி கைதுக்கு முன்னால் வந்துவிடும். மக்கள் கொதித்தெழுந்ததே அந்தக் கைதால்தான். எழுச்சி நடந்தது மறுநாள், 13-3-1908. நாளை விட்டதால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. மென்பொருள் இதைச் சுட்டிக்காட்டாது. ஆகவே ஒவ்வொரு தேதியையும் பாடநூலோடும் இன்னொரு நூலோடும் ஒப்பிட்டார்களா என்று வீட்டில் கேளுங்கள். பல நாள் நீண்ட நிகழ்வுக்கு முடிவுத் தேதியும் வேண்டும்: திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரையிலான உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் 13-4-1930 முதல் 28-4-1930 வரை.

படத்துக்கு, விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்புத் தளத்தில் அந்தப் படம் உள்ள பக்கத்தின் முகவரி நல்லது. கூகுள் தேடல் பக்கத்தின் முகவரியை ஒட்டினால் படம் வராது. எடுத்தவர் பெயரை அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டும்.

முடிந்ததும் கோப்பு மெனுவில் ‘பப்ளிஷ் டு வெப்’ கொடுத்து, ஷீட்டின் முகவரியை மென்பொருள் தளத்தின் பெட்டியில் ஒட்டினால் காலக்கோடு தோன்றும். ‘ஷேர்’ செய்தால் மட்டும் போதாது. காலக்கோடு வராமல் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. வீட்டில் கணினி இல்லாதவர்கள் மாலையில் பள்ளிக் கணினி அறையில் செய்யலாம். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளியிட்ட ஷீட்டை முகவரி தெரிந்த எவரும் பார்க்க முடியும். பிள்ளையின் முழுப் பெயர், புகைப்படம், தொலைபேசி எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வகுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசை எண் போதும்.

12 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் 50 சொல்லுக்குள் விளக்கம். தட்டச்சு செய்ய நீங்கள் உதவலாம். எந்த 12 என்பதை மட்டும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்