ஆஷ் மரத்த எரி, ஆனா நீயா வெட்டாத

டேய் முத்து,

உன் மெயில் பாத்தேன். வெர்மான்ட்ல வீடு, அதுவும் விறகு அடுப்பு வச்ச வீடுன்னு சாரதாகிட்ட சொன்னேன், "ரிட்டயர் ஆகுற நேரத்துல அண்ணனுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு ஒரே சிரிப்பு. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவன் சிகாகோல வேலைக்குச் சேந்துட்டான், சின்னவளுக்கு காலேஜ் கடைசி வருஷம், எனக்கு சுகர் எட்டிப் பாக்குது அதனால சோறு ஒரு வேளைதான். மத்தத போன்ல பேசிக்கலாம். செத்துப்போன ஆஷ் மரத்த வெட்டி விறகா எரிக்கலாமான்னு நீ கேட்டத போன்ல சொன்னா பாதியில வேற பேச்சுக்குத் தாவிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

பட்டை உரிஞ்சு வெளிறிப் போய் நிக்குது, மரங்கொத்தி சும்மா விடாம கொத்துதுன்னு எழுதியிருந்தியே, அது அனேகமா எமரால்டு ஆஷ் போரர்ங்கிற, ஆஷ் மரத்த அரிக்கிற வண்டோட வேலைதான். கிட்ட போய்ப் பாரு, பட்டைல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், மூணு மில்லிமீட்டர் அகலம், முழு வட்டமா இல்லாம ஒரு பக்கம் தட்டையா இருக்கும். பட்டைய கொஞ்சம் பேத்துப் பாத்தா உள்ள புழு வளைஞ்சு வளைஞ்சு போன தடம் தெரியும். ரெண்டும் இருந்தா முடிஞ்சுது கதை.

இந்த வண்டு பத்தி எங்க மிச்சிகன்காரன்கிட்ட கேட்டா விடிய விடிய பேசுவான், ஏன்னா 2002ல முதல்ல கண்டுபிடிச்சதே டெட்ராய்ட் பக்கம்தான். ஆசியாலேர்ந்து வந்த சரக்கோட பேக்கிங் கட்டைல 90கள்லயே வந்து இறங்கியிருக்கும்னு சொல்றாங்க, அதாவது யாரும் கவனிக்கிறதுக்கு முன்னாடியே பல வருஷம் உள்ள உக்காந்து தின்னுருக்கு. உங்க வெர்மான்ட்டுக்கு 2018லதான் வந்துச்சு. இதுல கொடுமை என்னன்னா, முன்னாடி எல்ம் மரமெல்லாம் ஒரு பூஞ்சை நோயில செத்துச்சு, அந்த எடத்துலல்லாம் சீக்கிரம் வளருதுன்னு தெருத்தெருவா ஆஷ் வச்சாங்க, இப்ப அதுவும் போச்சு. ஒரே மரத்த வரிசையா நட்டா என்ன ஆகும்னு ஒரு தடவ பட்டும் புத்தி வரல பாரு.

சரி உன் கேள்விக்கு வரேன். வண்டு அரிச்ச கட்டைய எரிச்சா விஷமா, புகை ஆகாதான்னு கேட்டிருந்த. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. புழு திங்கிறது பட்டைக்கு அடியில இருக்குற மெல்லிசான சாறு ஓடுற அடுக்கத்தான், சாப்பாடு மேலேயும் கீழேயும் போற வழி அறுந்து மரம் பட்டினில சாவுது, உள்ள இருக்குற கட்டை அப்படியே நல்லா இருக்கும். ஆஷ் கட்டை ஓக் அளவுக்குக் கிட்டத்தட்ட சூடு குடுக்கும், நேரா பொளக்கும், பச்சையிலேயே ஈரம் கம்மி. செவப்பு ஓக்ல பச்சைக் கட்டைய காஞ்ச எடையோட ஒப்பிட்டா ஈரம் 80 சதவீதம் பக்கம் வரும், வெள்ளை ஆஷ்ல 45தான்.

அதுக்காக செத்து நிக்கிற மரம்தானே, வெட்டின அன்னிக்கே அடுப்புல போடலாம்னு நெனைக்காத. மேல் கிளை காஞ்சிருக்கும், அடிமரத்துல ஈரம் நிக்கும். பொளந்து, தரையில படாம அடுக்கி, மேல மட்டும் தார்ப்பாய் போட்டு பக்கவாட்டுல காத்து விட்டு ஒரு கோடை காய விடு. ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கிக்கோ, விலை கம்மிதான், கட்டைய புதுசா பொளந்து உள் பக்கத்துல வச்சுப் பாரு, 20 சதவீதத்துக்குக் கீழ வந்தா எரிக்கலாம். ஈரக் கட்டைய எரிச்சா சிம்னிக்குள்ள தார் மாதிரி படிஞ்சு ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், தயவு செஞ்சு நீ வெட்டாத. யூடியூப் பாத்து செயின்சா வாங்கப் போறேன்னு எழுதினத படிச்சதும் பகீர்னுச்சு. வண்டு கொன்ன ஆஷ் மரம் சீக்கிரம் நொறுங்கலாயிடும், கீழ நீ செயின்சா வைக்கிற அதிர்வுக்கே மேலேர்ந்து கிளை முறிஞ்சு தலையில விழும். அதவிட மோசம், பாதி வெட்டுறப்பவே அடிமரம் நெடுக்கப் பொளந்து பின்னாடி எகிறும், ஆள் நெஞ்சுலயோ மூஞ்சிலயோ அடிக்கும், ஆஷ் இதுக்குப் பேர் போன மரம். இங்க பரம்பரையா மரம் வெட்டுறவங்களே இந்த மரத்துல ஏற மாட்டேன், பக்கெட் லாரி வந்தாதான் ஆச்சுன்னு நிக்கிறாங்க. நாம ரெண்டு பேரும் ஊர்ல சுள்ளி பொறுக்கினதோட சரி, இதெல்லாம் நமக்கு ஆகாது. இன்சூரன்ஸ் வச்சிருக்குற ஆளாப் பாத்து கூப்பிடு, தள்ளிப் போடாத, நிக்க நிக்க மரம் மோசமாகும் ரேட்டும் ஏறும். கட்டைய எடுத்துட்டுப் போக வேணாம், 16 இன்ச் துண்டா போட்டுட்டுப் போன்னு சொன்னா கொஞ்சம் குறைப்பாங்க.

அப்புறம் உன் பையன் வீட்டுக்கு நியூ ஹாம்ப்ஷயருக்கு ஒரு லோடு கொண்டு போறேன்னு எழுதியிருந்தியே, வேணாம்டா. அந்த வண்டு தானா பறந்தா கொஞ்ச தூரம்தான் போகும், நம்ம கார் டிக்கில ஏறினா ஒரே ராத்திரில ஸ்டேட் தாண்டிடும். வெட்டின கட்டைக்குள்ள இருக்குற புழு அடுத்த வருஷம்கூட வண்டா வெளிய வரும். 2021ல மத்திய அரசு ஆஷ் கட்டைய வெளிய கொண்டு போறதுக்கு இருந்த தடைய எடுத்துட்டாங்கதான், வண்டு ஒழிஞ்சு இல்ல, நிறுத்த முடியலன்னு. ஆனா நியூ ஹாம்ப்ஷயர் வெளி மாநில விறக சும்மா உள்ள விடாது, புழு சாகுற அளவுக்கு சூடு பண்ணி சர்டிபிகேட் ஒட்டின கட்டைன்னா சரி. பையன் அங்கேயே வாங்கிக்கட்டும்.

ரோட்டோரம் ஒரு ஆஷ் இன்னும் பச்சையா நிக்குதுன்னியே, அத விட்டுடாத. இலை முக்கால்வாசி இருந்தா எமாமெக்டின் பென்சோயேட்ங்கிற பூச்சி மருந்த அடிமரத்துல ஊசி போட்டு காப்பாத்தலாம், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ போடணும், செலவுதான், ஆனா வெட்டுற கூலியோட ஒப்பிட்டுப் பாரு.

அந்த மரத்தோட உச்சி தெரியிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, மரக்காரன் என்ன ரேட் சொன்னான்னும் எழுது. அக்டோபர்ல லீவு போட்டு வரலாம்னு இருக்கோம், பொளக்குற கோடாலி என்கிட்ட இருக்கு, நீ புதுசா வாங்காத. சாரதா வத்தக்குழம்பு பொடி கொண்டு வராளாம்.

அன்புடன்
சேகர்