லீவில் வந்திருக்கும் பட்டாளத்துத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, பார்த்திருப்பாய். 1914-19 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அந்தப் பதினாலு பேர் யார் யார் என்று மட்டும் இருக்காது. வெள்ளைக்காரன் தலையை எண்ணினான், பேரை எழுதவில்லை. நாமும் அவசரப்பட்டுவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மாண்ட வீரர்களின் பெயர்களைப் பொறித்த தேசியப் போர் நினைவகம் தில்லியில் திறந்தது 2019 பிப்ரவரியில்தான்.

கல்லில் பேர் வரத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் பேர் பிசகினால் வீட்டில் உலை கொதிக்காது. கொடி போர்த்திய பெட்டி வரும், வானத்தை நோக்கிச் சுடுவார்கள், மந்திரி மலர்வளையம் வைப்பார். காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு உன் மனைவி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவாள். அந்த அலைச்சலில் பாதியை இந்த லீவிலேயே நீ குறைத்துவிடலாம்.

முதலில் இனிஷியல். நம் பெண்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல், ஆதாரில் ஏதோ ஒன்று. கலைச்செல்வி என்ற பேரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரே சொல்லாக அடிப்பார், இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு இரண்டு பெண்கள். அதனால் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்தால் அதுதான் நல்லது. அதைப் பார்த்து ஆதாரைத் திருத்து, பிறகு பான், பிறகு வங்கிக் கணக்கு. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். எழுத்துக்கூட்டலை முடிவு செய்யாமல் இ-சேவை மையத்துக்கு ஓடாதே.

அடுத்தது கல்யாணப் பதிவு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். கோயில் ரசீது, மண்டபத்து ரசீது, பத்திரிகை எல்லாம் துணைச் சான்றுகள்தான். பதிவுச் சான்றிதழை யூனிட்டில் கொடுத்தால்தான் பார்ட் டூ ஆர்டர், அதாவது உன் குடும்ப விவரத்தைப் பதியும் ராணுவ ஆணை, போடுவார்கள். அது உன் பணிப்பதிவேட்டை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் ஏறினால்தான் ராணுவத்தின் கணக்கில் உனக்கு மனைவி இருக்கிறாள். கொடுத்ததோடு விட்டுவிடாதே, ஆர்டரின் நகலை வாங்கிப் பேரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் படி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரில், பீரங்கிப் படை என்றால் நாசிக்கில். நீ இருக்கும்போதே திருத்தினால் ஒரு விண்ணப்பம். நீ இல்லாமல் திருத்துவதென்றால் பிரமாணப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

நாமினியும் அப்படித்தான். சேரும்போது அம்மா பேரைக் கொடுத்திருப்பாய், கல்யாணத்துக்குப் பிறகு தானாக மாறியிருக்கும் என்று நினைப்பாய். மாறாது. குரூப் இன்சூரன்சுக்குத் தனி, சேமநிதிக்குத் தனி, வங்கிக்குத் தனி. மாமியாரும் மருமகளும் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான். அம்மாவுக்கும் பங்கு கொடுக்க நினைத்தால் சதவீதம் போட்டு எழுதிக் கொடு. சம்பளக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக்கி, இருவரில் யார் இருந்தாலும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் வை.

இனி எரிச்சலான விஷயம். சாவு எந்த வகையில் எழுதப்படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் குடும்ப ஓய்வூதியம். அடிப்படைச் சம்பளம் 30,000, ராணுவப் பணிச் சம்பளம் 5,200, ஆக 35,200 என்று வை. பணிக்குச் சம்பந்தமில்லாத சாவு என்றால் முதல் 10 ஆண்டுக்குப் பாதி, 17,600. அதன்பின் 30 சதவீதம், 10,560. பணியால் நேர்ந்தது என்றால் 60 சதவீதம், 21,120. எதிரியாலோ தீவிரவாதியாலோ என்றால் முழுதும், 35,200. பஞ்சப்படி எல்லாவற்றுக்கும் தனி. தாலி அறுத்தவளுக்கு மூன்றும் ஒரே இழப்பு. ஆனால் சாதாரணத்துக்கும் முழுத்தொகைக்கும் நடுவே பத்தாண்டு கழித்து மாதம் 24,640 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. நாடு தன் வீரனுக்குப் போடும் விலை சாவு எப்படி நேர்ந்தது என்று ராணுவம் நடத்தும் விசாரணையின், அதாவது கோர்ட் ஆஃப் என்கொயரியின், அறிக்கையில் ஓரிரு வரியில் முடிவாகிறது, அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. வாங்க வேண்டும். இறப்பின் காரணத்தைப் பணியோடு சேர்க்காமல் விட்டிருந்தால் மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையில் அதன் கிளை உண்டு.

சின்னக் காயத்துக்கும் இன்ஜுரி ரிப்போர்ட் எழுத வைத்து நகல் வைத்துக்கொள். லீவுக்கு வரும்போதும் போகும்போதும் லீவு சர்டிபிகேட்டையும் காட்பாடி டிக்கெட்டையும் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பு. வழியில் விபத்து என்றால் நீ லீவில் வந்துகொண்டிருந்தாய் என்பதற்குச் சாட்சி அதுதான்.

கம்மவான்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பார். பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பிப் பழகிய ஊர், அங்கே பழைய ஹவில்தார்கள் வாயாலேயே இத்தனையும் சொல்வார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை உன் மனைவிக்கு நேரில் கூட்டிப்போய்க் காட்டு. டிசம்பர் 7 கொடிநாளுக்கு ஊரெல்லாம் வசூல் நடக்கும். அந்தப் பணம் யாருக்காக வசூலாகிறதோ அவர்களில் பலருக்கு அந்த அலுவலகத்தின் வாசல் தெரியாது.

மனைவியின் மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பேர் ஒத்துப்போனால் நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகம். ஒத்துப்போகாவிட்டால் லீவை நாலு நாள் நீட்டிக் கேள்.

அன்புடன்,
பட்டாளத்துக் குடும்பங்களுக்கு மனு எழுதுகிறவர்கள்